உப்பளத்து வீட்டில் முப்பது லிட்டர் கடல்

உப்புக்கு 3,900 ரூபாய் கொடுத்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். ஊர் தூத்துக்குடி. வடக்கே வேப்பலோடை, தெற்கே முள்ளக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் உப்பு அம்பாரங்கள் கண்ணில் படும். என் அப்பா முப்பத்தொரு வருடம் ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் இருக்கும் வீட்டுக்கு ஏழு கிலோ உப்பு, நீல வாளியில் அடைத்து, கூரியரில் வந்து இறங்கியது. அப்பா வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடும்போதுதான் கேட்டார்: "அம்மாடி, நம் ஊர் உப்பில் என்ன குறை?"

அந்தக் கேள்விக்கான பதில் எனக்கு முழுதாகப் புரிய நான்கைந்து மாதம் ஆனது. வீட்டில் ஒரு குட்டிக் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாக எங்கள் ஊரைப் போல வெயிலும் காற்றும் கொளுத்தும் ஊர்களில் இருப்பவர்களுக்கு, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன கார்த்திகையில் தொடங்கினேன். இப்போது ஐப்பசி. பதினோரு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுவதால், பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சியில் எழுதும் மதிப்புரை இல்லை இது.

முதலில் தொட்டி. இதே தொட்டி மூன்று நான்கு பெயர்களில் விற்பனையாகிறது, அட்டைப்பெட்டிதான் மாறுகிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டு அமைப்பைச் சொல்கிறேன். 36 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம், 30 உயரம். சொல்லளவில் 30 லிட்டர். கல்லும் மணலும் போட்ட பிறகு உள்ளே நிற்கும் தண்ணீர் 24 லிட்டர்தான். நான் குடத்தால் அளந்து ஊற்றியதால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. இந்த 24 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாக் கணக்கும் இதில்தான் வந்து நிற்கும். முன்பக்கம் மீன் வாழும் பகுதி. பின்பக்கம் கறுப்புத் தகடு வைத்துத் தடுத்த மூன்று அறைகள். தகட்டின் மேல்விளிம்பில் சீப்புப் பல் போல வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதன் வழியாக முதல் அறைக்குள் வழிந்து, பஞ்சைக் கடந்து, நடு அறையிலுள்ள பீங்கான் வளையங்களைக் கடந்து, கடைசி அறையிலிருக்கும் சின்ன மோட்டாரால் மறுபடி முன்பக்கம் வருகிறது. விளக்கும் மோட்டாரும் சேர்த்து 9,800 ரூபாய்.

கண்ணாடி ஒட்டிய நேர்த்தியில் ஒரு குறையும் இல்லை. முனைகளில் பசை பிதுங்கவில்லை, பதினோரு மாதத்தில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மோட்டார் சத்தமே போடாது. இரவில் கூடத்தில் படுத்திருந்தால் தண்ணீர் வழியும் மெல்லிய ஒலி மட்டும் கேட்கும்; அப்பாவுக்கு அந்த ஒலி பிடித்துவிட்டது. குறை விளக்கைத் தாங்கும் பிடியில் இருக்கிறது. கடல்நீர்த் தொட்டி என்று விற்கும் பொருளில் இரும்புத் திருகாணி போட்டிருக்கிறார்கள். மூன்றாவது மாதமே துரு ஏறி, திருகாணியின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, தண்ணீரில் விழும் முன் என் கண்ணில் பட்டது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி இரண்டு வாங்கி மாற்றினேன், ஆறு ரூபாய் ஆனது. ஆறு ரூபாயில் முடிகிற வேலையைத் தொழிற்சாலையிலேயே செய்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. வாங்குபவர்கள் பெட்டியைத் திறந்த அன்றே ஒரு காந்தத்தை எடுத்து எல்லாத் திருகாணிகளிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டுவதை எல்லாம் மாற்றிவிடுங்கள்.

நிரம்பிய தொட்டி ஏறக்குறைய 45 கிலோ இருக்கும். என் கணவர் இரும்புச் சட்டத்தில் மரப்பலகை போட்டுத் தாங்கி செய்து தந்தார். தொலைக்காட்சி வைக்கும் மெல்லிய அலமாரி இதற்கு உதவாது.

இனி உப்பு. நான் வாங்கியது ரெட் சீ நிறுவனத்தின் நீல வாளி. அதே நிறுவனம் கறுப்பு வாளி ஒன்றும் விற்கிறது. அதில் காரத்தன்மை கூடுதல், வேகமாக வளரும் பவளங்களுக்கானது. எனக்கு நீலமே போதும். ஏழு கிலோவில் ஏறக்குறைய 200 லிட்டர் கடல்நீர் கரைக்கலாம்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். உப்பளத்தில் என்ன நடக்கிறது என்பதை அவரே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார், நான் பாவாடை கட்டிய வயதில். தெப்பத்தில், அதாவது கடல்நீரைத் தேக்கும் பெரிய பாத்தியில், நிறுத்திய தண்ணீர் வெயிலிலும் காற்றிலும் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். கால்சியத்தில் பெரும்பங்கு அங்கேயே போயிற்று. 25 டிகிரி (சூடு அல்ல, தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவு) வந்ததும் பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரி ஆனதும் மிஞ்சிய கசப்பு நீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். மெக்னீசியம் அதோடு போய்விடும். நடுவில் வாரி எடுப்பது சோடியம் குளோரைடு. சமையலுக்கு அதுதான் வேண்டும், கசப்பு இருக்கக் கூடாது. ஆனால் கடலில் இருக்கும் உப்புகளில் சோடியம் குளோரைடு முக்கால் பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. மீதிப் பங்கில்தான் நத்தையின் ஓடும், பாறையில் படரும் ஊதாப் பாசிப் பூச்சும் இருக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் கால்சியம் 400 மில்லிகிராமுக்கு மேல், மெக்னீசியம் 1,300 மில்லிகிராமுக்குப் பக்கத்தில். வாளியில் வந்த உப்பில் அவற்றையெல்லாம் மறுபடி சேர்த்திருக்கிறார்கள். அதாவது உப்பளத்தில் அப்பா பிரித்ததை யாரோ திரும்ப ஒன்றாக்கி, கிலோ ஐந்நூறு ரூபாய்க்கும் மேலே விற்கிறார்கள்.

இதைச் சொன்னதும் அப்பா எழுந்து போய்ப் பரண் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய டிகிரி பார்க்கும் கண்ணாடி மிதவையை எடுத்துவந்தார். ஓய்வு பெற்ற பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. நான் கரைத்து வைத்திருந்த வாளித் தண்ணீரை உயரமான டம்ளரில் மொண்டு, மிதவையை இறக்கி, சுழற்சி அடங்கும் வரை காத்திருந்து, குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்தார். "மூன்றரை" என்றார். நான் ரிஃப்ராக்டோமீட்டரில், ஒளி வளைவதை வைத்து உப்பின் அளவைக் காட்டும் கருவியில், பார்த்தேன்: ஆயிரத்தில் 35 பங்கு. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. "கடலில் இருந்து தெப்பத்துக்கு வரும் தண்ணீர் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மிதவையைக் கழுவித் துடைத்து அதே துணியில் சுற்றினார். ஆனால் பரணில் வைக்கவில்லை. அது இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ரிஃப்ராக்டோமீட்டரைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. 1,700 ரூபாய்க்கு வாங்கினேன். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டி பூஜ்யத்தில் நிறுத்தினால் போதும் என்று அதன் தாளில் போட்டிருக்கிறது. போதாது. இவற்றில் பல, சோடியம் குளோரைடுக் கரைசலுக்கான அளவுகோல் கொண்டவை. கடல்நீருக்கு அது சற்றுப் பிசகும். ஆய்வகத் தரமுள்ள சோடியம் குளோரைடு 36.5 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 963.5 கிராம் கலந்தால் அந்தக் கரைசல் கண்ணாடியில் 35 காட்ட வேண்டும். என்னுடையது 33 காட்டியது. திருகைத் திருப்பி 35இல் நிறுத்தினேன். அன்றிலிருந்து அதை நம்புகிறேன். மாதம் ஒரு முறை அதே கரைசலை வைத்துச் சோதிக்கிறேன்.

உப்பு வாளியில் எனக்கிருக்கும் ஒரே குறை மழைக்காலம். கார்த்திகையில் திறந்து, மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மேற்புறம் கட்டிதட்டிவிட்டது. "மெக்னீசியம் இருந்தால் கசியத்தான் செய்யும்" என்றார் அப்பா. மழைக்காலத்தில் அம்பாரத்தைப் பனையோலை போட்டு மூடிய காலத்து அறிவு அது. இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார்: வாளி வண்டியில் குலுங்கி வரும்போது பொடியும் பருக்கையும் தனித்தனியாகப் பிரிந்து படிகின்றன. மேலேயிருந்து அப்படியே அள்ளினால் ஒரு வாரம் ஒரு கலவையும் அடுத்த வாரம் வேறு கலவையும் தொட்டிக்குப் போகும். பயன்படுத்தும் முன் வாளியைப் படுக்கவைத்து நன்றாக உருட்ட வேண்டும்.

ஊரில் கடல் இருக்கும்போது கரைப்பானேன் என்று கேட்கிறார்கள். கரையோரத் தண்ணீரில் படகு எண்ணெய் மிதக்கிறது, மழை பெய்தால் உப்பின் அளவு தாறுமாறாக இறங்குகிறது. தூரக் கடலுக்குப் போகும் படகுக்காரர் தெரிந்தவராக இருந்து, கேனில் மொண்டு வந்தால் நல்ல தண்ணீர் கிடைக்கலாம். வாராவாரம் அவரை எப்படிக் கேட்பது?

நல்ல தண்ணீரும் அதே அளவு முக்கியம். எங்கள் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் வரும் தண்ணீரில் கரைந்த பொருள்களின் அளவு 40 காட்டியது. குடிக்க நல்லது, தொட்டிக்குப் போதாது, ஏனென்றால் அந்த நாற்பதுக்குள் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் இருக்கலாம், அவை பாசிக்கு உணவு. கரைந்திருப்பவற்றைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள் நிரம்பிய ஒரு குழாயை அடுத்ததாக இணைத்தேன். அளவு பூஜ்யமாயிற்று. மணிகள் நிறம் மாறும்போது மாற்றிவிட வேண்டும்.

நான் சொல்ல வந்ததன் மையம் அடுத்தது: ஆவியாதல். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உப்பளம் என்பதே இதுதான். அப்பாவின் வாழ்நாள் முழுதும் இந்த ஒரு விதி எங்களுக்குச் சோறு போட்டது. தொட்டியில் இதே விதி மீனைக் கொல்லும். 24 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் 35 என்பது 36.5 ஆகும். மூன்று லிட்டர் போனால் 40. ஐந்நூறு லிட்டர் தொட்டி வைத்திருப்பவருக்கு மூன்று லிட்டர் ஒரு பொருட்டே இல்லை. சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். இடமும் செலவும் குறைவுதான், ஆனால் பிழைக்குத் தரும் இடமும் குறைவு. எங்கள் ஊரில் உப்பு விளைவதற்குக் காரணமான காய்ந்த காற்றும் குறைந்த மழையும் என் கூடத்துக்குள்ளும் வருகின்றன. ஆனி மாதம் மேல்காற்று வீசும் நாளில், மின்விசிறியும் ஓடினால், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போய்விடுகிறது.

ஆகவே நான் வாங்கியதிலேயே பெறுமதியான பொருள் எது என்று கேட்டால், தொட்டியைச் சொல்லமாட்டேன், விளக்கைச் சொல்லமாட்டேன். தானாக நல்ல தண்ணீர் நிரப்பும் கருவியைத்தான் சொல்வேன். 3,400 ரூபாய். ஒளியால் உணரும் ஒரு சின்ன முனை, ஒரு குட்டி மோட்டார், ஒரு குழாய். நீர்மட்டம் முனைக்குக் கீழே இறங்கினால் மோட்டார் பக்கத்து ஜாடியிலிருந்து உப்பில்லாத தண்ணீரைச் சிறிது தள்ளும். இதில் பொருத்தும் இடம் முக்கியம். இந்த வகைத் தொட்டியில் முன்பக்க நீர்மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும், சீப்புப் பல் வெட்டுகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆவியாவதெல்லாம் கடைசி அறையில்தான் தெரியும். முனையை அங்கே ஒட்ட வேண்டும். நான் முதலில் நடு அறையில் ஒட்டிவிட்டு, கருவி வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் விற்றவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனியில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினோம். கதவைத் திறந்ததுமே சத்தம் வேறாக இருந்தது. கடைசி அறையில் தண்ணீர் வற்றி, மோட்டார் காற்றை உறிஞ்சி, தொட்டி முழுதும் நுரைக் குமிழிகள். ஜாடியில் தண்ணீர் அப்படியே நிரம்பியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது உணரும் முனையின் மேல் ஒரு நத்தை. தகட்டைத் தாண்டி அறைக்குள் இறங்கி, முனையைத் தன் பாதத்தால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கருவிக்கு அது தண்ணீர் போலத் தெரிந்திருக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் 39 காட்டியது. இரண்டு மீன்களும் கீழ்மூலையில், செவுள்கள் விரைவாக அடித்துக்கொள்ள, ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது தெரியும். தெரிந்தும் கை பரபரத்தது. அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை டம்ளர் ஊற்றுவது, நேரம் பார்ப்பது, அரை மணி கழித்து இன்னொரு அரை டம்ளர். இரவு இரண்டு மணி வரை நான், அதற்குப் பிறகு அவர். காலையில் 37.5, மறுநாள் மாலையில் 35. ஒரு மீனும் சாகவில்லை. மறுநாள் என் மகள் பழைய பிளாஸ்டிக் வலைத்துண்டை வளைத்து முனையைச் சுற்றிக் கூண்டு கட்டினாள். தண்ணீர் போகும், நத்தை போகாது. கருவி செய்பவர்கள் இப்படி ஒரு கூண்டை முதலிலேயே சேர்த்துத் தந்தால் நல்லது. அதோடு ஒரு யோசனை: ஜாடி சின்னதாக இருக்கட்டும். என்னுடையது மூன்று லிட்டர். கருவி பழுதாகி எல்லாத் தண்ணீரையும் தள்ளிவிட்டாலும் 35 என்பது 31க்கு இறங்கும், மீன் பிழைத்துக்கொள்ளும். இருபது லிட்டர் கேனை வைத்தால் உப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும், கூடத்தில் வெள்ளமும் ஓடும்.

பெட்டிப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. அதில் தொட்டி நிறைய பவளங்கள், பச்சையும் ஊதாவுமாக. அதைப் பார்த்துத்தான் என் மகள் ஆசைப்பட்டாள். மீன் சாமான் விற்கும் ஒரு கடையில், "சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது, வேண்டுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், கறும்பவளமும், நெருப்புப் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. கடலிலிருந்து ஒடித்ததை வீட்டில் வைப்பது குற்றம்.

சட்டத்துக்காக மட்டும் நான் மறுக்கவில்லை. எங்கள் பழைய வீட்டின் பின்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கற்கள் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுதும் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் மிளகு அளவு, ஒவ்வொன்றிலும் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கோடுகள். அவையெல்லாம் ஒரு காலத்தில் உயிர்கள் குடியிருந்த அறைகள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளை உடைத்து, வள்ளங்களில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் கொண்டுவந்தார்கள். அப்பா சிறுவயதில் கரையில் அந்தக் குவியல்களைப் பார்த்திருக்கிறார். 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்த பிறகும் பல வருடங்கள் அது நிற்கவில்லை. உடைப்பது ஓய்ந்த பிறகு, 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. மிச்சமிருப்பதில் ஒரு துண்டு என் கூடத்துக்கு வர வேண்டுமா? சுவரில் இருக்கும் நட்சத்திரங்களே எங்களுக்குப் போதும்.

ஆகவே என் தொட்டியில் பவளம் இல்லை. பாறைகள் சுட்ட பீங்கானில் செய்தவை, உள்ளே துளைத்துளையாக இருப்பதால் பாக்டீரியா குடியேறுகிறது. பவளத்துக்குப் பதிலாகக் கடற்பாசி வைத்திருக்கிறேன், கஞ்சிப்பாசியில் ஒரு கொத்து. இராமேசுவரம் பக்கம் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசிகளில் ஒன்று. விளக்கின் கீழே கருஞ்சிவப்பாகக் கிளைவிட்டு, நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போது பார்க்க அழகாக இருக்கிறது. தண்ணீரில் சேரும் நைட்ரேட்டையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. மாதம் ஒரு கைப்பிடி வெட்டி எடுக்கிறேன். பவளம் இல்லாததால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி, கால்சியம் போன்றவற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் கருவி எதுவும் தேவைப்படவில்லை. வாரம் மூன்று லிட்டர் தண்ணீர் மாற்றினால் நத்தைக்கும் பாறைப் பூச்சுக்கும் வேண்டிய கால்சியம் வந்துவிடுகிறது. இந்தக் கருவிகளையும் தொட்டியோடு சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். வாங்க வேண்டாம்.

தொடக்கம் பொறுமையைக் கேட்கும். தண்ணீர் நிரப்பிய பிறகு 33 நாள் வெறும் கல்லையும் மணலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக வேண்டும். சோதனைக் குழாயில் பச்சை மங்கி மஞ்சளாகி, மஞ்சளாகவே நின்ற நாளில்தான் முதல் நத்தைகளை விட்டேன். பிறகு பழுப்புப் பூச்சு வந்தது, போயிற்று. மாசியில் முடி போலப் பச்சைப்பாசி வந்தது. பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, விளக்கை ஏழு மணி நேரமாகக் குறைத்து, தீனியையும் குறைத்ததில் அடங்கிவிட்டது. ஐந்தாவது மாதம் பாறையின் நிழல் பக்கத்தில் கடுகளவு ஊதாப் புள்ளி ஒன்று தெரிந்தது. சுண்ணாம்புப் பாசி. அது வந்தால் தண்ணீர் கடலாகிவிட்டது என்று பொருள். இப்போது மோட்டாரின் மேல்கூட ஊதா படர்ந்திருக்கிறது.

மீன்கள் தை மாதம் வந்தன. இரண்டு கோமாளி மீன்கள், பெருவிரல் நகத்தைவிடச் சற்று நீளம். பண்ணையில் பிறந்தவை என்று உறுதி சொன்னவரிடம் மட்டுமே வாங்கினேன். கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வகுத்து, மண்டபம் என்ற ஊரில் பயிற்சியும் தந்திருக்கிறது; பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இவற்றை வளர்க்கிறார்கள். கடலில் பிடித்த மீனை வாங்கத் தேவையே இல்லை. பண்ணை மீன் முதல் நாளே குருணைத் தீனி தின்னும். இந்த அளவுத் தொட்டிக்கு இரண்டுக்கு மேல் கூடாது. கடையில் நான்கு போடலாம் என்றார்கள். கோமாளி மீன் கடலில் குடியிருக்கும் கடல் தாமரையும் வேண்டாம், 24 லிட்டரில் அது நலிந்து அழுகி எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். எங்கள் மீன்களுக்கு அப்பா உடைந்த மண்சட்டியின் ஓடு ஒன்றைத் தேய்த்துக் கழுவிப் போட்டார். அதைத்தான் வீடாகக் கொண்டிருக்கின்றன. இரண்டில் ஒன்று இப்போது நன்றாகப் பெருத்திருக்கிறது. கோமாளி மீனில் பெரியதுதான் பெண்ணாகும். சின்னது அதன் முன்னால் வந்து உடலைச் சிலிர்த்துக் காட்டிவிட்டு ஒதுங்கிப் போகிறது.

சித்திரையும் வைகாசியும்தான் கடினமான மாதங்கள். கூடத்தில் 34 டிகிரி, தண்ணீரில் 31. குளிர்விக்கும் இயந்திரம் தொட்டியைவிடப் பல மடங்கு விலை. கணினிக்குள் வைக்கும் சின்ன மின்விசிறி ஒன்றைத் தொட்டியின் விளிம்பில் மாட்டினேன். நீர்மேல் காற்று பட்டதும் 28.5க்கு இறங்கியது. விலையாகத் தண்ணீர் இன்னும் வேகமாக ஆவியானது, நிரப்பும் கருவி அதை ஈடுகட்டியது. காய்ந்த காற்று உள்ள எங்கள் ஊரில் இது நடக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் இவ்வளவு இறங்காது. தொட்டியோடு வந்த சூடேற்றியை மார்கழி இரவுகளில் சில நாள் போட்டேன், அவ்வளவே. பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தும் நாளில் மோட்டாரை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டுவிடுகிறேன். வயர்கள் எல்லாம் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி வைத்திருக்கிறேன், சொட்டும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. மூடி விளிம்பில் உப்புப் பூத்திருப்பதை வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மொத்தச் செலவு இதுவரை 31,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தொட்டிக்கு ஆகவில்லை. 9,800 ரூபாயில் கடல் வந்துவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், மீன்தான் பாடுபடும். அந்தப் பணம் இல்லையென்றால் நன்னீர்த் தொட்டி வையுங்கள், அதுவும் அழகுதான். இருந்தால், திருகாணிகளை மாற்ற மனமிருந்தால், இந்தத் தொட்டியை வாங்கலாம். நிரப்பும் கருவியைத் தொட்டியோடு சேர்த்தே வாங்குங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டாம். கார்த்திகையில் தொடங்குங்கள், வெயில் வரும் முன் தொட்டி பழகியிருக்கும், நீங்களும் பழகியிருப்பீர்கள்.

முதல் வாளியின் அடி தெரியத் தொடங்கியதால் இரண்டாவது வாளிக்குச் சொல்லியிருந்தேன். நேற்று வந்தது. நான் வேலையிலிருந்து திரும்பியபோது அப்பா அதைக் கூடத்தில் படுக்கவைத்து, மூடியைத் திறக்காமலே, சுவருக்கும் கதவுக்கும் இடையே நிதானமாக உருட்டிக்கொண்டிருந்தார்.